குந்தா சீமை – 9: மருந்துக்கடைக்காரர் மகனும் மலைச் செண்பகமும்

சென்ற இதழை, 1819-இல் நீலகிரிக்கு ஏறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனோடு நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டு அவரோடு மேலே வந்தவர்களில் ஒரு பிரெஞ்சுக்காரரும் உண்டு. பெயர் லெஷனோல் த லா தூர். ஆஸ்திரேலியக் கடற்கரை, தீமோர், ஜாவா என்று அலைந்துவிட்டு 1816-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த தாவரவியலாளர். உடல் நலிந்த நிலையில் மலையேறியவர், மேலே வந்தபின் தேறிவிட்டார். சல்லிவன் கண்ணுக்கு மலை குளிர்ந்த காற்றாகவும் நல்ல நிலமாகவும் தெரிந்தது. லெஷனோல் கண்ணுக்குத் தெரிந்தவை செடிகள். பறித்தார், காகிதங்களுக்கிடையே வைத்து அழுத்திக் காயவைத்தார், ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

அதன் பலனை இன்றும் நீலகிரியின் குந்தாப் பகுதியில் பார்க்கலாம். சோலை ஓரத்து ஈரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் காசித்தும்பை இனம் ஒன்றுக்கு இம்பேஷன்ஸ் லெஷனோல்தி என்று பெயர். ஊட்டிக் கடைகளில் கைகால் வலிக்கு விற்கும் விண்டர்கிரீன் தைலம் எந்தப் புதரின் இலையிலிருந்து காய்ச்சப்படுகிறதோ, அது நெடுங்காலம் கால்தேரியா லெஷனோல்தி என்றே நூல்களில் இருந்தது. புல்வெளிச் சரிவில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் காட்டுப்புகையிலை வகையில் ஒன்று லொபேலியா லெஷனோல்தியானா. இந்தப் பெயர்கள் எதையும் அவர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளவில்லை. முதல் இரண்டையும் அவருக்குச் சூட்டியவர் த கந்தோல் என்ற ஜெனீவாக்காரர். லெஷனோல் புதுச்சேரிக்கு வந்த அதே 1816 வரை, எட்டு ஆண்டுகள், தெற்குப் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். அங்கிருந்த அரசுத் தாவரத் தோட்டத்தையும் அவர்தான் கவனித்து வந்தார்.

குந்தாவின் செடிகள் ஏன் இன்றிருக்கும் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டால், பதில் அந்தத் தோட்டத்தில் தொடங்குகிறது. ஆகவே இந்த வாரம் குந்தாவை விட்டுவிட்டு, லெஷனோல் மலையேறுவதற்கு 181 ஆண்டுகள் முன்னால் போகிறோம்.

1638 ஜூன் 8 அன்று மோன்பெல்லியேவில் பிறந்தவர் பியர் மன்யோல். அப்பா மருந்துக்கடைக்காரர், தாத்தாவும் அதே தொழில். அந்தக் காலத்து மருந்துக்கடை என்றால் பாதிக்கு மேல் வேரும் பட்டையும் இலையும்தான். ஒரு வேரை இன்னொன்றாக எண்ணிக் கொடுத்தால் நோயாளி போய்ச் சேருவார். செடியைத் தப்பில்லாமல் அடையாளம் காண்பது அந்த வீட்டில் பிழைப்பு. நம் நாட்டு மருந்துக்கடைகளில் தலைமுறையாக உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். பையன் மருத்துவம் படித்து 1659-இல் பட்டம் பெற்றார். ஆனால் மனம் செடிகளில் இருந்தது. லாங்டாக், ப்ரோவான்ஸ், ஆல்ப்ஸ், பிரனீஸ் என்று சுற்றிச் செடி சேர்த்தார். 1676-இல் மோன்பெல்லியே வட்டாரத்துச் செடிகளைப் பற்றித் தனியாக ஒரு நூலே வெளியிட்டார். அந்த நாட்களில் அங்கே தங்கியிருந்த ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் அவருக்கு நண்பரானார்.

பெயர் இருந்தது, நூல் இருந்தது. பதவி மட்டும் இல்லை. காரணம் மதம். மன்யோல் குடும்பம் கால்வினிய புராட்டஸ்டன்ட். பிரான்சோ கத்தோலிக்க அரசரின் நாடு. 1660-களில் மோன்பெல்லியேவில் காலியான இடத்துக்கு அவர் தகுதியானவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் கிடைக்கவில்லை. 1685-இல் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பாதுகாப்பையும் ரத்து செய்தார். லட்சக்கணக்கானவர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். மன்யோல் ஓடவில்லை. நாற்பத்தேழு வயதில் மதம் மாறினார். இரண்டே ஆண்டில், 1687-இல், தோட்டத்தில் மாணவர்களுக்குச் செடிகளைக் காட்டி விளக்கும் பதவி வந்தது. 1694-இல் மருத்துவப் பேராசிரியர். பிறகு தோட்டத்துக்கே தலைமை. நம்பிக்கை மாறியதா, வேலைக்காக மாறினாரா என்று தீர்ப்புச் சொல்வது நமக்குச் சுலபம். இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவர் அவர். வாசலில் நிறுத்தியவர்களைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்பது என் கட்சி.

செடிகளைக் காட்டி விளக்கும் பதவியில் இருந்தபோதே, 1689-இல், அவர் வெளியிட்ட சிறிய லத்தீன் நூல்தான் நம் கதைக்கு அச்சாணி. உலகத்துச் செடிகளை எழுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களாக அட்டவணை போட்டுக் காட்டியது அது. ஐரோப்பாவில் செடிகளைப் பிரிப்பது புதிதல்ல. ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கனியைப் பார்த்துப் பிரித்தார் ஒருவர், இதழைப் பார்த்து இன்னொருவர். எல்லோரும் ஏதாவது ஓர் உறுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மன்யோல் அதை விட்டார். மனிதர்களில் ஒரு வீட்டுப் பிள்ளைகளை எப்படிக் கண்டுகொள்கிறோம்? மூக்கை அளந்து பார்த்தா? நடை, நிறம், குரல், நெற்றி எல்லாம் சேர்ந்து ‘இது இன்னார் வீட்டுப் பிள்ளை’ என்று சொல்லிவிடுகிறது. செடியிலும் வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உறவு தெரியும் என்றார். அந்தக் கூட்டங்களுக்குக் குடும்பம் என்றே பெயரிட்டார். தாவரவியலில் அந்தச் சொல் நிலைத்தது அவரிடமிருந்துதான்.

இங்கே ஒரு சங்கதி. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் கொண்டதைப் புல் என்றும், அகத்தே வயிரம் கொண்டதை மரம் என்றும் பிரிக்கிறது. தென்னையும் பனையும் புல்லில் சேரும். கூர்மையான பார்வை, ஒருவித்திலை, இருவித்திலை என்று பிற்காலம் பிரித்ததற்குப் பெரும்பாலும் பொருந்தியும் வருகிறது. இதை வைத்து ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அதுவும் ஒற்றை அடையாளத்தைக் கொண்டு பிரித்த முறைதான் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மன்யோல் தாண்டியது அந்த வரம்பை.

தாண்டியவர் கடைசியில் அதே வரம்புக்குள் திரும்பிப் போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் இறந்த பிறகு 1720-இல் மகன் வெளியிட்ட நூலில், புல்லிவட்டத்தை மட்டும் ஆதாரமாக வைத்துச் செடிகளைப் பிரிக்கிறார் மன்யோல். எல்லா உறுப்பையும் பார் என்று சொல்வது எளிது. ஆயிரக்கணக்கான செடிகளில் அதைச் செய்து முடிக்க அக்காலத்தில் கருவியும் இல்லை, ஆளும் இல்லை.

ஆட்களை அவர் உண்டாக்கிவிட்டுப் போனார். அவரிடம் படித்த தூர்ன்ஃபோர், பேரினம் என்பதற்குத் தெளிவான வரையறை தந்து ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்றார். 1708-இல் அவர் இறந்தபோது, பாரிஸ் அறிவியல் கழகத்தில் மாணவர் விட்டுப்போன இடத்துக்கு எழுபது வயது ஆசிரியர் அழைக்கப்பட்டார். மன்யோல் போனார், திரும்பி வந்தார், 1715-இல் சொந்த ஊரிலேயே காலமானார். மோன்பெல்லியேவில் படித்த இன்னொரு ஜோடி, ழூசியே சகோதரர்கள் அந்துவானும் பெர்னாரும். அந்தக் குடும்பத்தைக் கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்திப்போம்.

மன்யோல் உயிரோடிருந்தபோதே, 1703-இல், அவர் பெயரில் ஒரு மரம் வந்துவிட்டது. ஷார்ல் ப்ளூமியே என்ற பாதிரியார், மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்கில் கண்ட பெரிய வெண்பூ மரத்துக்கு ‘மக்னோலியா’ என்று பெயர் வைத்தார். நம் காட்டுப்புகையிலையின் லொபேலியா என்ற பெயரும் இதே ப்ளூமியே வைத்ததுதான். மார்ட்டினிக் பக்கம் மன்யோல் எட்டிப் பார்த்ததே கிடையாது.

அடுத்து வந்தவர் லின்னேயஸ். சுவீடன்காரர். 1753-இல் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் கொடுத்தார். அந்த முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். ஆனால் வகைப்படுத்தலில் அவர் கையாண்டது குறுக்கு வழி: பூவில் எத்தனை மகரந்தத் தாள், எத்தனை சூலகத்தண்டு என்று எண்ணு, அதற்குரிய பெட்டியில் போடு. பழக எளிது, பள்ளிப் பையனும் செய்யலாம். விளைவு என்னவென்றால், காப்பியும் உருளைக்கிழங்கும் ஒரே பெட்டியில் விழுந்தன. இரண்டிலும் ஐந்து மகரந்தத் தாள், ஒரு சூலகத்தண்டு. குந்தாவில் கிழங்கு போட்ட எந்த விவசாயியும் இதைக் கேட்டால் சிரிப்பார்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் குறுக்கு வழியை முழுமனதோடு ஏற்கவில்லை. பெர்னார் த ழூசியே வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் செடிகளைக் குடும்பம் குடும்பமாக நட்டு வைத்தார். செனகலில் ஐந்து ஆண்டுகள் செடி சேர்த்த அதான்சோன் 1763-இல் தாவரக் குடும்பங்கள் பற்றி நூல் எழுதினார். பெர்னாரின் அண்ணன் மகன் அந்துவான் லோரான் த ழூசியே, பாஸ்தீல் சிறை உடைந்த அதே 1789-இல், செடிகளை நூறு குடும்பங்களாக வகுத்து வெளியிட்டார். காப்பி ஒரு குடும்பம், கிழங்கு இன்னொன்று என்று அங்கே பிரிந்தன. காப்பியின் வீட்டுக்கு உறவாக வந்து நின்றது சின்கோனா. நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும் கொயினாவுக்காக ஆங்கிலேயர் பயிரிட்டார்களே, அதே மரம். ழூசியே சகோதரர்களில் கடைசித் தம்பி ழோசெஃப், 1735-இல் பெரு நாட்டுக்குப் போய் அந்த மரத்தைத் தேடி அலைந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் ஊர் திரும்பினார் என்பது தனிச் சோகம். மக்னோலியாவை வைத்து ஒரு குடும்பத்தை முறையாக நிறுவியதும் அந்த 1789 நூல்தான்.

நமக்குத் தெரிந்த த கந்தோல் இந்த வரிசையில் கடைசிக் கண்ணி. மன்யோல் உட்கார்ந்த ஊரிலேயே உட்கார்ந்து 1813-இல் வகைப்பாட்டின் அடிப்படைகளை எழுதினார். அதற்கு முன்பே அவர் எழுப்பிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே குடும்பத்துச் செடிகளுக்கு மருந்துக் குணமும் ஒத்திருக்குமா? மருந்துக்கடையில் தொடங்கிய ஆராய்ச்சி மறுபடி மருந்துக்கடைக்கே வந்து நின்றது.

அங்கிருந்து சென்னை மாகாணத்துக்கு வருவோம். ராக்ஸ்பரோவின் இந்தியத் தாவர நூல் லின்னேயஸ் பெட்டிமுறையில் எழுதப்பட்டது. மாற்றியவர் ராபர்ட் வைட், கம்பெனி மருத்துவர். 1834-இல் அவரும் ஆர்னாட்டும் சேர்ந்து வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூல் பிரெஞ்சு வழியில் குடும்பங்களாக அடுக்கப்பட்டது. அப்போது குந்தா மலைத்தொடரின் மேலே சிஸ்பாரா வழியாக மலபாருக்கு இறங்கும் பாதை போடப்பட்டு வந்தது. அந்தப் பாதை தாவரவியலாளர்களுக்குக் கதவு திறந்துவிட்டது. வைட்டின் பிற்கால நூல்களைப் புரட்டினால் செடி கிடைத்த இடமாக அவலாஞ்சி, சிஸ்பாரா என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரெஞ்சுக்காரர்களும் விடவில்லை. புதுச்சேரியிலிருந்து வந்த பெரோத்தே நீலகிரியில் திரட்டிய ஆர்க்கிட்களைப் பற்றி, பாரிஸில் அஷீல் ரிஷார் 1841-இல் தனி ஆய்வே எழுதினார்.

சரி, இந்தக் குடும்பக் கணக்கால் குந்தாக்காரருக்கு என்ன லாபம்? மூன்று உதாரணம் போதும்.

கற்பூர மரத்து, அதாவது யூகலிப்டஸ், இலையையும், சோலையிலுள்ள நாவல் இன மரத்தின் இலையையும், பள்ளிக்கூடம் போகிற வழியில் பறித்துத் தின்ற தவிட்டுப்பழச் செடியின் இலையையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக ஒளி ஊடுருவும். எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. கற்பூர மரம் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கியது. மற்ற இரண்டும் இந்த மண்ணுக்குரியவை. கடல் பிரித்தாலும் மூன்றும் ஒரே குடும்பம். கொய்யாவும் கிராம்பும் அதே வீடுதான்.

அடுத்தது தேயிலை. சீனச் செடி என்று நினைக்கிறோம், சரிதான். ஆனால் தோட்டத்து எல்லையைத் தாண்டிச் சோலைக்குள் போனால், மஞ்சள் மகரந்தக் கொத்தோடு வெள்ளைப் பூ உதிர்த்துக்கொண்டு கார்டோனியா மரம் நிற்கிறது. கவாத்துக்குத் தப்பி வளரவிட்ட தேயிலைச் செடியின் பூவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் ஒப்பிட்டால் உறவு பளிச்சென்று தெரியும். தேயிலை வருவதற்கு யுகங்களுக்கு முன்பே அதன் பங்காளி இந்த மலையில் இருந்திருக்கிறது.

மூன்றாவது, சீகை, அதாவது வாட்டில். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் கொண்டுவந்து நட்ட மரம், இன்று குந்தாவின் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் காயை உரித்துப் பாருங்கள்: அவரை, மொச்சை வீட்டுக் காய். அந்தக் குடும்பத்துக்கு வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் திறமை உண்டு. ஆகவே ஏழை மண்ணிலும் செழிக்கும். விதை ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்து, தீப்பட்டதும் முளைக்கும். வெட்டினால் தீர்ந்தது என்று நினைப்பது ஏன் தப்புக் கணக்கு என்பதற்குப் பாதி விடை அது பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. புல்வெளியை மீட்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் மரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல் மண்ணிலுள்ள விதையையும் கணக்கில் வைக்கவேண்டும்.

இப்போது தலைப்பிலுள்ள மரத்துக்கு வருகிறேன். கோரகுந்தா, மேல் பவானி, அவலாஞ்சிப் பக்கத்துச் சோலைகளில் வெண்மை கலந்த மஞ்சளாய்ப் பூத்து மணக்கும் காட்டுச் செண்பகம். சமவெளிச் செண்பகத்தின் மலை உறவு. சமவெளிச் செண்பகம் 1678-இல் வந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ முதல் தொகுதியிலேயே படத்தோடு இருக்கிறது. லின்னேயஸ் அதற்கு, மிக்கேலி என்ற ஃப்ளோரன்ஸ் நகரத்து அறிஞர் நினைவாக, மிக்கேலியா என்று பெயர் வைத்தார். மலைச் செண்பகத்துக்கு அறிவியல் பெயர் வந்தது 1830-களில். பெர்ன்ஹார்ட் ஷ்மிட் என்ற ஜெர்மன் பாதிரியார் நீலகிரியில் செடிகள் சேர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார். யேனா நகரத்து சென்கர் அவற்றைப் படம் போட்டு வெளியிட்டார். கோயம்புத்தூர் நீல மலைச் செடிகள் என்பது அந்த நூல் தலைப்பின் பொருள். நம் காட்டு ரோஜாப்பூ மரத்துக்கு, அதாவது ரோடோடென்ட்ரானுக்கு, ‘நீலகிரிக்கும்’ என்று ஒட்டுச் சேர்த்தவரும் அவரே. செண்பகம், மிக்கேலியா நீலகிரிக்கா ஆனது.

மிக்கேலியாவும் மக்னோலியாவும் ஒரு குடும்பம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இலை மொட்டைப் போர்த்தியிருக்கும் உறை கழன்று விழுந்ததும் கிளையைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு விழுமே, இரண்டுக்கும் அது உண்டு. ஒரே வேறுபாடாகச் சொன்னது பூவின் இடம்: மக்னோலியாவில் கிளை நுனியில், மிக்கேலியாவில் இலைக் கக்கத்தில். ஃபிக்லர் என்ற அமெரிக்கர் உற்றுப் பார்த்தார். கக்கத்தில் இருப்பதாகத் தோன்றும் பூ, உண்மையில் மிகக் குட்டையான ஒரு பக்கக் கிளையின் நுனியில்தான் இருக்கிறது. அப்படியானால் வேறுபாடு எங்கே? 2000-இல் அவர் மலைச் செண்பகத்தை மக்னோலியா நீலகிரிக்கா என்று மாற்றினார். மரபணு ஆய்வுகளும் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்தன. இப்படியாக, தெற்குப் பிரான்சுக்கும் பாரிஸுக்கும் அப்பால் அதிகம் போகாத மருந்துக்கடைக்காரர் மகன் பெயர், அவர் இறந்து 285 ஆண்டுகள் கழித்து குந்தாச் சோலையில் குடியேறியது. ஒற்றை உறுப்பை நம்பாதே என்று சொன்னவருக்கு, பூவின் இடம் என்ற ஒற்றை அடையாளம் பொய்த்ததால் வந்த பெருமை இது. பொருத்தமான பெருமை என்றே சொல்வேன்.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. வைட்டின் நூல்களிலுள்ள படங்களை வரைந்தவர்களில் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் முக்கியமானவர்கள். பூவை வரைவதோடு நிற்காமல், அதை அறுத்துக் காட்டும் உள்பகுதிகளையும் அவர்கள் துல்லியமாக வரைந்திராவிட்டால், அந்தச் செடிகளை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று எங்கோ உட்கார்ந்திருந்தவர்களால் முடிவு செய்திருக்க முடியாது. 1853-இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்று பெயர் வைத்து நன்றி காட்டினார். பின்னால் வந்த ஆய்வில் அந்தச் செடி ஏற்கெனவே பெயர் பெற்ற டிராப்பிடியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. முந்தைய பெயருக்கே முதலிடம் என்பது விதி; கோவிந்துவின் பெயர் இன்று நூல்களில் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

அடுத்த இதழில் சிஸ்பாரா பாதை: யார் போட்டார்கள், எத்தனை பேர் அதில் மடிந்தார்கள், ஏன் காடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது என்று பார்ப்போம்.

(தொடரும்)